மீதிப் பாதை

எர்மீனியாவின் உடலைக் கழியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சிலோம்போ தன் தம்பி சபாலோவின் காலைப் பார்த்தாள். பூட்ஸ். புத்தம்புதுக் கறுப்பு பூட்ஸ், கணுக்காலுக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்தான். நேற்றுச் சாயங்காலம்வரை லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பைத்தான் அவன் இழுத்துக்கொண்டு திரிந்தான். பட்டாளத்துக்காரர்களைத் தவிர அந்த ஊரில் வேறு யாரிடமும் அப்படிப்பட்ட பூட்ஸ் கிடையாது.

அழுது அழுது அவள் கண் வீங்கிக் கிடந்தது. இருந்தாலும் அந்தப் பூட்ஸ் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று. பெற்ற மகள் கழியில் கிடக்கிறாள், கூடப்பிறந்தவன் அவளை விற்றுச் செருப்பு வாங்கியிருக்கிறான்.

எர்மீனியா முந்தாநாள் செத்தாள். மக்காச்சோளத்தை ஊறப்போட்டு, ஆற்றங்கரையில் இருக்கிற பெரிய பாறையில் வைத்து இடிப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். எத்தனையோ தலைமுறை உலக்கை பட்டுப் பட்டுப் பாறையெல்லாம் குழி. வீட்டுக்கு ஒரு குழி. அம்மாவுக்குப் பின் மகள் என்று அது கைமாறி வரும். அந்தப் பாறைக்குத்தான் எர்மீனியா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு முன்னால் அவளுடைய அத்தை கசிந்தா போனாள். ஒற்றையடிப் பாதை. அத்தை கால் வைத்த இடத்திலேயே மருமகளும் கால் வைத்தாள். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருமகளின் காலடியில் கண்ணிவெடி வெடித்தது.

மாவட்டத் தலைநகரில் டாக்டர் இருந்தார், கியூபாக்காரர், நல்ல மனுஷர் என்றுதான் சொன்னார்கள். அவரிடம் கொண்டுபோக ஊரில் ஜீப்பும் இருந்தது. ஆனால் ஜீப், கட்சி ஊருக்கு அனுப்பிய அதிகாரி கமிசார் ஒலவோவினுடையது, கமிசார் ஏதோ கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார். உச்சிப்பொழுதுக்குள் எர்மீனியாவின் ரத்தம் முழுக்க சிலோம்போவின் மடியில் வடிந்துவிட்டது.

வெடியைப் புதைத்தது யார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. மண்ணில் வெடி கிடப்பது அவர்களுக்கு மழை பெய்வது மாதிரி ஆகிப்போயிருந்தது. ஊர் கேட்ட கேள்வியே வேறு. முன்னால் போனவளை விட்டுவிட்டுப் பின்னால் போனவளை அது ஏன் பிடித்தது? யாரோ ஏவியிருக்க வேண்டும். யாரோ சூனியம் வைத்து அந்தப் பெண்ணின் காலைப் பிடித்து அதன்மேல் வைத்திருக்க வேண்டும். முதலில் அப்படிக் கத்தியதே சிலோம்போதான். ரத்தம் தோய்ந்த துணியோடு தெருவில் நின்று, "நீதானடி முன்னால போன! உன்னை ஏன்டி அது தொடல?" என்று கசிந்தாவின் முகத்துக்கு நேரே அலறினாள். கசிந்தா அவளுக்கு நாத்தனார். கசிந்தாவின் ஆடு சிலோம்போவின் பீன்ஸ் தோட்டத்தை மேய்ந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. துக்கத்தில் வாய் தவறி விழுந்த சொல்லென்று யாராவது தள்ளியிருக்கலாம். கமிசார் தள்ளவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் கசிந்தாவின் கையைக் கட்டி அத்திமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்.

அவருக்கு ஏன் அந்த அக்கறை என்பது ஊருக்கே தெரியும். கசிந்தாவின் மகன் எலியாஸ் காட்டுக்காரர்களோடு இருந்தான்.

அங்கோலாவுக்கு விடுதலை கிடைத்த அன்றே ஆரம்பித்த சண்டை அது. சாலைகளைக் கையில் வைத்திருந்தவர்களை ஊர் ரோட்டுக்காரர்கள் என்றது. அரசாங்கம் அவர்களுடையது. மற்றவர்கள் காட்டுக்காரர்கள். ரோட்டுக்காரன் தோளில் ரஷ்யாக்காரன் துப்பாக்கி, அவனுக்குப் பின்னால் கியூபாப் பட்டாளம். காட்டுக்காரன் தோளில் தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரன் கொடுத்தது, அமெரிக்காக்காரன் கொடுத்தது, இன்னும் எவனெவனோ கொடுத்தது. கடல் தாண்டிக் கப்பல் கப்பலாகத் துப்பாக்கி வந்தது, டப்பாவில் அடைத்த இறைச்சி வந்தது, மண்ணில் புதைக்க வெடி வந்தது. இத்தனை பேர் இத்தனை அக்கறையாக இருந்தும், அந்த ஊருக்கு ஒரு மண்வெட்டி அனுப்ப ஒருவனுக்கும் தோன்றவில்லை. மழைக்காலத்தில் ஊர் காட்டுக்காரர்கள் கையில், கோடையில் ரோட்டுக்காரர்கள் கையில். யார் வந்தாலும் முதலில் கோழியைப் பிடிப்பார்கள், அப்புறம் ஆளைப் பிடிப்பார்கள். சிலோம்போவின் புருஷனை அப்படித்தான் ரோட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது.

அவள் சபாலோவைக் குடிசைக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடா இது காலுல?"

"அக்கா, இப்பப் போய்..."

"என்னடா இதுன்னு கேக்குறேன்."

சபாலோ தரையைப் பார்த்தான். கழியின் முன்முனையைத் தூக்கப் போகிறவன் அவன்தான். அது தாய்மாமன் உரிமை. இயல்பாகச் சாகாதவர்களைப் புதைக்கும் முன் கழியில் கட்டித் தூக்கி, ஊர்த் தலைவர் கேள்வி கேட்பார். கழி ஓர் அடி முன்னால் போனால் ஆமாம், பின்னால் வந்தால் இல்லை. தூக்குகிறவர்கள் நடப்பதில்லை, செத்தவர்தான் அவர்களை நடத்துகிறார் என்பது நம்பிக்கை.

"கசிந்தா பேரச் சொன்னதும் ஒரு அடி முன்னால வைக்கணும், அவ்வளவுதான்னாரு கமிசாரு. வெச்சா எம் பையனப் பட்டாளத்துக்குப் பிடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. அவனுக்கு இன்னும் மீசைகூட மொளைக்கலக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"அப்ப பூட்ஸு?"

"அது... அவரா குடுத்தாரு."

"நல்லா இருக்குடா. மருமவ பொணத்தைத் தூக்கக் கூலி வாங்கியிருக்க."

"நீதானே அவமேல பழி சொன்ன? ஊரே கேட்டுச்சே!" சபாலோவுக்கும் கோபம் வந்துவிட்டது. "இப்ப என்னைப் போட்டு உலுக்குற?"

சொன்னது அவள்தான். கசிந்தா தொலைந்தால் நல்லது என்று நேற்று ராத்திரிகூட நினைத்தாள். யாரையாவது கடித்துத் துப்ப வேண்டும் என்று இருந்தது, கைக்கெட்டிய தூரத்தில் கசிந்தா இருந்தாள். ஆனால் அந்தப் பூட்ஸைப் பார்த்ததும் நினைப்பு வேறு பக்கம் திரும்பிவிட்டது. போன மழைக்காலத்தில் ஊர் காட்டுக்காரர்கள் கையில் இருந்தபோது ஒரு கிழவர் செத்தார். அவரைக் கழியில் கட்டிக் கேட்டார்கள். கழி தச்சன் விசென்ட்டியைக் காட்டிக்கொடுத்தது. விசென்ட்டியின் மகன் ரோட்டுக்காரர்களின் பட்டாளத்தில் இருந்தான். தச்சனை ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. அதற்கு முந்தின கோடையில் இதேபோல் இன்னொருத்தி. ஊரில் பிணங்கள்கூட ஆட்சியில் இருப்பவன் பக்கம்தான் சாய்ந்தன.

இன்னொன்றும் அவளுக்கு நினைவு வந்தது. கமிசாரின் ஆட்கள் முன்பெல்லாம் தண்ணீருக்குப் பாறைப் பாதையில்தான் போவார்கள். கொஞ்ச நாளாகத் தைல மரத்தோப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெடி வெடித்த பிறகு அல்ல, அதற்கு முன்னாலேயே. சோம்பேறிப் பயல்கள் எதற்கு இவ்வளவு தூரம் சுற்றுகிறார்கள் என்று எர்மீனியாவே ஒருநாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்ததும் சிலோம்போவுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. அழுவதற்கு இனி நேரமில்லை என்று தோன்றியது.

அத்திமரத்தடி வழியாகத்தான் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். கசிந்தா கட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"சிலோம்போ, அந்தப் புள்ளைய நான்தான்டி குளிப்பாட்டி வளத்தேன். நீ காய்ச்சல்ல கெடந்தப்ப எம் முதுகுலதான்டி கெடந்தா."

சிலோம்போ நிற்காமல் நடந்தாள்.

தலைவர் சகாலா நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலியில் கமிசார் ஒலவோ. கடலோரப் பட்டணத்தில் படித்தவர், தாய் இந்த மேட்டுநிலத்துக்காரி, அதனால் ஊர்ப் பேச்சு நன்றாக வரும். கோடை தொடங்கியதும் ஊரைக் கூட்டி மூடநம்பிக்கை பற்றி வெயிலில் நிற்க வைத்துப் பேசியவர் அவர்தான். பிணம் பேசாது தோழர்களே, விஞ்ஞானம்தான் பேசும் என்று மேசையைத் தட்டினார்.

"வாங்க தோழர் சிலோம்போ," என்று எழுந்தார். "உங்க துக்கம் எங்க எல்லாருக்கும் துக்கம். உங்க மகளோட பேருல எதிரியோட கையாள ஒழிச்சுக் கட்டுவோம்."

"போன கூட்டத்துல பொணம் பேசாதுன்னீங்களே தோழர். எப்பப் பேசக் கத்துக்கிச்சு?"

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். கமிசாரின் முகம் சிவந்தது. "மக்களோட வழக்கத்தை மதிக்கணும்ங்கிறதும் கட்சியோட கொள்கைதான்."

"அப்ப முழுசா மதிங்க." சிலோம்போ தலைவரிடம் திரும்பினாள். "பெரியவரே, கழி தூக்குறவன் வெறுங்காலோட தூக்கணுமா, இல்லையா?"

"வெறுங்காலோடதான்," என்றார் சகாலா. "மண்ணு தொடாத காலை செத்தவங்க நகத்த முடியாது."

"எந் தம்பி காலப் பாருங்க. இன்னொன்னு கேக்குறேன். வீட்டுல செத்தா முற்றத்துல வெச்சுக் கேப்போம். வெளிய விழுந்தவங்கள எங்க வெச்சுக் கேக்கணும்?"

போர் வந்ததிலிருந்து எல்லாரையும் முற்றத்திலேயே வைத்துக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். தலைவர் ஓரக்கண்ணால் கமிசாரைப் பார்த்தார். வாசலில் பெண்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"விழுந்த எடத்துல," என்றார் கடைசியில். "போக வேண்டிய பக்கம் பார்த்து நிக்க வெச்சு."

"எம் மக பாறைக்குப் போய்க்கிட்டிருந்தா. அங்கயே வெச்சுக் கேளுங்க."

"அது சரிப்படாது," என்று கமிசார் குறுக்கே விழுந்தார். "அங்க பாதுகாப்பு இல்ல."

"ஏன் தோழர்? வெடிச்சது வெடிச்சிருச்சே. இன்னும் இருக்கா என்ன?"

இருக்கிறது என்றால், எப்படித் தெரியும் என்பாள். இல்லை என்றால் போயாக வேண்டும். "எனக்கெப்படித் தெரியும்?" என்றார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஊரே பின்னால் வந்தது. சபாலோ பூட்ஸைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு முன்முனையைத் தூக்கினான். பின்முனை சிக்கோ என்ற பக்கத்து வீட்டுக்காரன் தோளில். பழைய கம்பளியில் சுற்றிய எர்மீனியா நடுவில். கசிந்தாவைக் கயிற்றோடு நடத்திக்கொண்டு வந்தார்கள். கமிசாரின் ஆட்கள், முகத்தில் இன்னும் பால்மணம் மாறாத பையன்கள், துப்பாக்கியைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு கடைசியில் வந்தார்கள்.

வெடித்த இடத்தில் சின்னக் குழி. பக்கத்தில் கவிழ்ந்த கூடையின் பாதி. ஊறிய சோளம் சிதறி, முளைவிட ஆரம்பித்திருந்தது. குழிக்கு அந்தப் பக்கம் பாதை புல்லுக்குள் நீண்டு, கொய்யா மரத்தைத் தாண்டி, கீழே சாய்ந்து கிடந்த மரத்தைத் தாண்டிப் பாறைக்குப் போயிற்று. கழியைப் பாறையைப் பார்த்து நிறுத்தினார்கள். சபாலோவின் கால்விரல் குழியின் விளிம்பில் இருந்தது.

"எர்மீனியா," என்று தலைவர் கூப்பிட்டார். "உன்னை நோய் கொண்டுபோச்சா?"

கழி பின்னால் வந்தது.

"உன் முன்னோருக்கு உன்மேல கோவமா?"

கழி இன்னும் பின்னால் வந்தது. சபாலோ அவசரமாகவே பின்னால் வந்தான்.

"முன்னால கொண்டுவாங்க," என்றாள் சிலோம்போ. திரும்பவும் குழிக்கு வந்து நின்றார்கள்.

தலைவர் கழிக்கு அருகில் வந்தார். "உன்னைக் கொன்னது உன் அத்தை கசிந்தாவா?"

கசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். சபாலோ தன் மகனை நினைத்திருப்பான். வலது காலைத் தூக்கினான். கால் காற்றில் நின்றது. முன்னால் புல். புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வெறுங்கால். தொடை நடுங்கியது, கழி நடுங்கியது, கம்பளிக்குள் இருந்தவளும் நடுங்கினாள்.

"ம், முன்னால," என்று கமிசார் பல்லுக்கிடையில் சொன்னார். "எதுக்கு நிக்கிற?"

"நீங்க சொல்லுங்க," என்றான் சபாலோ. வியர்வை கண்ணில் வழிந்தது. "கால வைக்கலாமா?"

"வைடா!"

சபாலோ குழியை ஒதுக்கி, இடதுபக்கம், கொய்யா மரத்தைப் பார்த்துக் காலை இறக்கப் போனான்.

"அங்க இல்ல!" கமிசாரின் குரல் கிழிந்தது. "கொய்யாப் பக்கம் வைக்காத! வலது பக்கம், வலது பக்கம்!"

சபாலோவின் கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் வந்தது. கழியும் பின்னால் வந்தது.

சிலோம்போ கமிசாருக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரல் இப்போது அடங்கவில்லை.

"கொய்யாப் பக்கம் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

மரியாதை போய்விட்டதை அவர் கவனித்தார். "தோழர், இது போர். எதிரி தண்ணிக்கு வர்ற வழி இது. ராணுவ ரகசியம் ஊருக்கு..."

"தண்ணிக்கு எதிரி மட்டுந்தான் வருவானா? நாங்க எங்கடா போவோம்? உன் பயலுவ மட்டும் தோப்பைச் சுத்திப் போனானுவ. நாங்க இடிச்ச மாவைத் தின்னுக்கிட்டே சுத்திப் போனானுவ! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் மக வீட்டுல இருந்திருப்பா. நீ பொதைச்சுட்டு, எவளோ சூனியம் வெச்சான்னு எங்கிட்டயே வந்து துக்கம் கேட்ட!"

கமிசாரின் கை இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கிக்குப் போயிற்று.

"சுடு," என்றாள் சிலோம்போ. "சுட்டுட்டு நீயே ஊறப்போட்டு நீயே இடி."

யார் முதலில் நகர்ந்தது என்று தெரியவில்லை. பெண்கள் நெருங்கி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். சிலர் கையில் உலக்கை இருந்தது. பட்டாளப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர துப்பாக்கியை நிமிர்த்தவில்லை. இந்தப் பெண்கள் இடிக்காவிட்டால் அவர்களுக்கு ராத்திரிக்குக் களி இல்லை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"கமிசார்," என்று தலைவர் சகாலா சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு கடுமையை ஊர் வெகுகாலமாகக் கேட்டதில்லை. "முன்னால நடங்க. எங்கெங்க இருக்குன்னு காட்டுங்க."

கமிசார் சுற்றிலும் பார்த்தார். பிறகு நடந்தார்.

குழியை வலப்பக்கம் சுற்றினார். கொய்யா மரத்துக்கு எட்ட நின்று அதன் அடியைக் காட்டினார். கரையான் புற்றின் அருகே இன்னொன்றைக் காட்டினார். பெண்கள் அவர் பூட்ஸ் பதிந்த தடத்திலேயே கால் வைத்து வந்தார்கள், காட்டிய இடங்களைச் சுற்றிக் கல்லை அடுக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சபாலோவும் சிக்கோவும் எர்மீனியாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. கழி முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

சாய்ந்து கிடந்த மரத்துக்கு வந்ததும் கமிசார் நின்றுவிட்டார்.

"போ," என்றாள் சிலோம்போ.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது." அவர் முகம் வெளிறியிருந்தது. பொய் சொல்லும் முகமாக இல்லை. "சத்தியமா தெரியாது. இதுக்கு அந்தப் பக்கம் காட்டுக்காரங்க வெச்சது. மழைக்காலத்துல வெச்சுட்டுப் போயிருக்காங்க."

அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பாறை வெயிலில் கிடந்தது. முந்தாநாள் வரைக்கும் ஊர்ப் பெண்களெல்லாம் அதுவரை போய்த் திரும்பியவர்கள்தான். எதன்மேல் படாமல் போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பாறையின் ஓரத்தில் எர்மீனியா இடிக்கும் குழியில் ஆற்றுத்தண்ணீர் தேங்கிப் பளபளத்தது.

சிலோம்போ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே பாதி இவன், அங்கே பாதி அவன். நடுவில் இவள் மகள். பூட்ஸ் தடத்தை விட்டு விலகாமல் பின்னால் கசிந்தாவிடம் போனாள். கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கசிந்தாவின் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. பீன்ஸ் தோட்டச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவளிடம் கோபமில்லாமல் பேசினாள்.

"மதினி, உன் மவன் எலியாஸ் திருட்டுத்தனமா உன்னப் பாக்க வருவான்ல?"

கசிந்தா கமிசாரைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் நேற்று வரைக்கும் அது சாவு. கமிசார் மரத்துக்கு அந்தப் பக்கம் கால் வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"வருவான்," என்றாள்.

"அடுத்த தடவை வர்றப்ப இங்க கூட்டிட்டு வா. மீதிப் பாதைய அவன் நடக்கட்டும்."

"காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்," என்றாள் கசிந்தா.